பிச்சைமுத்து பத்திரிகை வைத்த கதை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கே லோடு ஏற்றப் போக வேண்டும். அந்த ஆலையின் லோடு ஆபீசில் கம்பி போட்ட ஒரு சன்னல் உண்டு. அந்தப் பக்கம் ஒரு சார் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் டிரைவர்கள் நிற்போம். நாங்கள் காகிதத்தை நீட்டினால் அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். லாரி நம்பரின் கடைசி நாலு எண்ணைக் குறித்துக்கொண்டு, "கூப்புட்டா வா. அதுவரைக்கும் அந்த மரத்தடியில போயி நில்லு" என்பார்.

நான் அந்த ஆலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பதினொரு வருஷமாக இதே வாக்கியம்தான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாத்தாவாகிவிட்ட டிரைவருக்கும் 'வா'தான், 'நில்லு'தான். மேலே இருக்கிறவர்கள் லோடு கொடு என்று எழுதி அனுப்பினாலும் இவர் கை அசைந்தால்தான் லோடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சன்னல் சார் என்போம். வேறு பெயர்களும் வைத்திருந்தோம், அவை எழுதத் தக்கவை அல்ல.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெயர் கலைச்செல்வன், குணம் அப்படியில்லை. ஒரு தடவை, 'வாங்க' என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் என் காகிதத்தை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார். அன்று காலை ஏழு மணிக்குப் போன எனக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு லோடு கிடைத்தது. ஒரு வாய்ப்பேச்சுக்கு ஒரு நாள் என்று அன்றைக்குக் கணக்குப் புரிந்தது, ஆனாலும் திருந்தவில்லை.

பிச்சைமுத்து அண்ணன் வேறு ரகம். எங்கள் முதலாளியின் இன்னொரு லாரியை ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருஷ ஓட்டம். பெரம்பலூரில் குடியிருக்கிறார். ஏறுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் யார் என்ன திட்டினாலும் திருப்பிப் பேச மாட்டார். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். "கத்துறவன் நம்மளப் பாத்துக் கத்தலடா. அவனப் பாத்து மேல ஒருத்தன் கத்தியிருக்கான். நாம நடுவுல போயி நின்னுட்டோம், அவ்வளவுதான்" என்பார். அப்படியானால் மேலே கத்தினவனிடமே போய்க் கத்தட்டுமே, நான் என்ன குப்பைத்தொட்டியா என்று நான் கேட்பேன். அதற்கு அவர் டீ வாங்கிக் கொடுப்பார்.

ஆனால் பேசாமல் இருந்தாரே தவிர, சும்மா இருந்தவர் இல்லை. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வழியாகப் பார்த்தார். கும்பகோணம் பக்கத்து குடோனில் குருமூர்த்தி என்று ஒருவர். மூட்டை எண்ணுகிறவர். எண்ணி முடித்ததும் முகத்தைச் சுளித்து, "ரெண்டு மூட்ட குறையுது" என்பார். திரும்ப எண்ணினால் சரியாக இருக்கும். உள்ளதைச் சொன்னால் அவர் ஒருநாளும் தப்பாக எண்ணியதில்லை. டிரைவரைக் கொஞ்சம் வேர்க்க வைத்துப் பார்ப்பது அவருக்கு ஒரு பழக்கம். அவரிடம் அண்ணன் முன்கூட்டியே, ரெண்டு மூட்டை குறையுமே, எதற்கும் இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு நாலு மூட்டை குறைகிறது என்றார் குருமூர்த்தி.

சன்னல் சாருக்கு அண்ணன் ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிப் பருப்பு வாங்கிப் போனார். கம்பிச் சந்து வழியாகப் பொட்டலம் உள்ளே போயிற்று. சார் ஒன்றை எடுத்து மென்றார், வறுக்கவில்லையா என்று கேட்டார், பிறகு மரத்தடியைக் காட்டினார்.

இப்படி இருக்கையில் அண்ணனின் மகள் வினோதினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளை செட்டிகுளம். மாப்பிள்ளையின் அப்பா முத்துசாமி சின்ன வெங்காயம் போட்டே மாடி வீடு கட்டினவர். பெரிய குடும்பம், அதைவிடப் பெரிய வாய். மூத்த மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்ட மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோயிற்றாம். நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த மருமகள் இன்றைக்கும் அடுப்படியில் ஒரு டம்ளரைக் கீழே போட்டால், சாம்பாருக்கு வழியில்லாத வீட்டிலிருந்து வந்தவள்தானே என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்களாம்.

நிச்சயதார்த்தத்தன்று முத்துசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நக நட்டெல்லாம் உங்க இஷ்டம். பந்தியில மட்டும் குறை வந்துரக் கூடாது. எங்க சனத்துக்கு வாய் பொல்லாதது."

அன்றையிலிருந்து அண்ணனுக்கு அது ஒன்றுதான் கவலை. இருபத்தேழு வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பேச்சு வாங்கியவர் அவர். அது தன்னோடு போகட்டும், தன் மகள் ஒரு நாள்கூட ஒரு பேச்சுக் கேட்கக் கூடாது என்று என்னிடம் சொன்னார். சமையல் மாஸ்டரிடம் அறுநூறு இலை என்று சொல்லி, அறுநூறுதான், குறையக் கூடாது என்று நாலு தடவை போனும் போட்டார்.

பத்திரிகையை ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். சொந்தபந்தத்துக்கெல்லாம் வைத்தது போக நூற்றுச் சொச்சம் மிச்சம். அந்தக் கட்டை அண்ணன் லாரியில் போட்டு வைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் ஆலைக்குப் போனபோது, சாயங்காலத்துக்குள் அவர் பெரம்பலூரில் இருந்தாக வேண்டும். மண்டபத்துக்காரர் வரச் சொல்லியிருந்தார். எப்படியாவது சீக்கிரம் லோடு கேட்க வேண்டும். டிபன் தட்டைத் துடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமச் சிமிழும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். எங்கள் பக்கம் பத்திரிகையைக் கையில் திணித்துவிட்டுப் போனால் அது நோட்டீசு. உறையில் பெயர் எழுதி, தட்டில் வைத்து, குடும்பத்தோடு வர வேண்டும் என்று வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. உறையில் எழுத அண்ணனுக்குப் பெயர் தெரியாதே. உங்கள் பெயர் என்ன சார் என்று கேட்டார்.

சார் நிமிர்ந்தார். டிரைவர் ஒருவன் தன் பெயரைக் கேட்டால் அது மேலே புகார் எழுதத்தான் என்பது அவர் அனுபவம். முகம் கடுத்தது. அண்ணன் தட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

இப்போது இன்னொரு சிக்கல். கம்பிச் சந்தில் காகிதம் நுழையும், தட்டு நுழையாது. சார் தட்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பிறகு எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மரத்தடியில் இருந்த முப்பது டிரைவரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தோம். அதுவரை நாங்கள் அவரை மார்பு வரைக்கும்தான் பார்த்திருக்கிறோம். ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. செருப்பைக் கழற்றினார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அங்கேயே பிரித்துப் படித்தார்.

"யாரு பிச்சைமுத்து?"

"நான்தான் சார்."

"நாப்பத்தேழு பதினெட்டா?"

"ஆமா சார்."

சார் மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தார். "இருவத்திரெண்டு வருசமா இந்த சன்னல்ல உக்காந்திருக்கேன். ஒரு டிரைவரும் எனக்குப் பத்திரிகை வச்சதில்ல" என்றார். அவர் பெயர் சிவசுப்பிரமணியன் என்று அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அண்ணன் குனிந்து, திரு. சிவசுப்பிரமணியன் குடும்பத்தினர் என்று உறையில் எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிஷத்தில் லோடு ஏறிவிட்டது. எனக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று.

முதல் பத்திரிகையை அண்ணன் அவசரத்துக்கு வைத்தாரே தவிர, தந்திரமாக வைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். அடுத்து வைத்தவற்றுக்குச் செய்ய மாட்டேன். கரும்பு தின்னக் கூலியா? விழுப்புரத்தில் ஒரு கேட்டில் டிரைவர்களைக் கக்கூசுக்குக்கூட உள்ளே விடாத ஒரு வாட்ச்மேன் உண்டு. அவருக்கு ஒன்று. நாகப்பட்டினத்தில் சாப்பாட்டு நேரம் என்று பதினொன்றுக்குச் சட்டரை இறக்கி மூன்றுக்கு ஏற்றுகிறவருக்கு ஒன்று. சிமெண்டு ஆலையிலேயே லாரியை எடை போடுகிற மேடையில் நாயை விரட்டுவது போல "ஏய், ஏய்" என்று வண்டியை நகர்த்தச் சொல்கிறவருக்கு ஒன்று. குருமூர்த்திக்குத் தட்டில் வாழைப்பழம் சேர்த்து வைத்தார். அன்றைக்கு அங்கே ஒரு மூட்டையும் குறையவில்லை. எல்லாரும் எழுந்து நின்று வாங்கினார்கள். பாதிப்பேர் அண்ணனை உட்காரச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று பத்திரிகை போயிற்று.

அத்தனை பேரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நாகப்பட்டினத்துக்காரன் பெரம்பலூருக்கு எதுக்குடா வரப்போறான்? பத்திரிகை வைக்கிறது நம்ம மரியாத. வராம இருக்குறது அவங்க மரியாத" என்றார்.

நல்ல பேச்சுத்தான். ஆனால் ஓட்டுகிற ரோட்டை அவர் மறந்துவிட்டார். பெரம்பலூரில் ரயில் இல்லாவிட்டால் என்ன, சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் போகிற பஸ்ஸெல்லாம் அங்கே ஆளை இறக்கிவிட்டுத்தான் போகும். மண்டபமோ பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். முகூர்த்தம் ஆவணி ஞாயிற்றுக்கிழமை. குடோனுக்கெல்லாம் விடுமுறை. இதெல்லாவற்றையும் விட, ஊரெல்லாம் பகைத்து வைத்திருக்கிற மனிதனுக்கு வருஷத்தில் எத்தனை பத்திரிகை வரும் என்று அவர் யோசிக்கவில்லை. வந்த ஒன்றை அவன் விடுவானா?

கல்யாணத்தன்று வாசலில் சந்தனக் கிண்ணத்தோடும் கற்கண்டுத் தட்டோடும் என்னை நிறுத்தியிருந்தார்கள். என் முகத்துக்கு அந்த வேலை பொருத்தமில்லை, ஆனால் ஆள் இல்லை. எட்டு மணிக்கு விழுப்புரத்து வாட்ச்மேன் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியாரோடு வந்து இறங்கினார். கால் மணி நேரத்தில் நாகப்பட்டினம் ஒன்பது பேர். குருமூர்த்தி ஏழு பேர். வாசலில் நின்றபடியே அவர் பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்தை எண்ணினார். அப்புறம் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுக்கரை வேட்டியில் சிவசுப்பிரமணியன் சார் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, மகன்கள், எடை மேடைக்காரர் குடும்பம், ஆபீசில் இருக்கிற மற்றவர்கள் என்று பத்தொன்பது பேர். சார் கையில் ஒரு ஜோடி குத்துவிளக்கு. ஒன்பது மணிக்குள் நான் எண்ணியதில் நூற்று ஐம்பத்தெட்டு தலை. ஒருவரும் முறைத்துக்கொண்டு வரவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தாலி கட்டி முடித்ததும் அண்ணன் காதில் விஷயத்தைப் போட்டேன். மகளுக்காக வந்த கண்ணீர் அவர் கண்ணில் அப்படியே நின்றுவிட்டது. அறுநூறு இலைக்குச் சமையல். இப்போது எழுநூற்று அறுபது வாய். கடைசிப் பந்தியில் சோறு இல்லாமல் இலையை எடுக்கச் சொன்னால் வினோதினியின் ஆயுசுக்கும் அது போதும். அண்ணி பஞ்சவர்ணத்துக்கு எதுவும் தெரியாது. யார் இவ்வளவு சனம், உங்களுக்கு இத்தனை சிநேகிதமா என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

பந்திக் கூடத்தில் ஒரு நேரத்துக்கு நூற்றைம்பது பேர் உட்காரலாம். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு, அது முறை. அண்ணன் ஓடிப்போய்க் கூடத்து வாசலில் இரண்டு கையையும் நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். செட்டிகுளத்துச் சனத்தை மட்டும் ஒவ்வொருவராக உள்ளே விட்டார். கூட்டம் முண்டியது. யாரோ ஒரு பெரியவர் காலை மிதித்தார். ஒரு குழந்தை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதது. அந்த நேரம் பார்த்து, வாழ்க்கையில் வரிசையில் நின்றே அறியாத சிவசுப்பிரமணியன் சார் குடும்பத்தோடு முன்னால் வந்து, தாங்கள் மதியம் திரும்ப வேண்டும், முதலில் விட்டுவிடுங்கள் என்றார்.

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

"கூப்புட்டா வா. அதுவரைக்கும் அந்த மரத்தடியில போயி நில்லு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தன் குரல் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாசலில் நிற்கிறவனின் தலைவலி அவருக்கு வந்துவிட்டது, வந்த கையோடு வாசலில் நிற்கிறவனின் வாயும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் எவனை நிறுத்தினாலும் பத்தாவது நிமிஷம் அந்த வாக்கியம்தான் வரும். பதினொரு வருஷம் கழித்து எனக்கு அது புரிந்தது. புரிந்ததற்காகச் சாரை மன்னித்தேன் என்று நினைக்க வேண்டாம்.

சாரின் மனைவி கணவரை ஏறிட்டுப் பார்த்து, என்ன இப்படிப் பேசுகிறார் என்றார்.

"ஒண்ணுமில்ல. நம்ம வசனம்தான்" என்றார் சார். மண்டபத்து முற்றத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. பத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு அதன் அடியில் போய் நின்றார்.

அவரால் பத்து நிமிஷம்தான் நிற்க முடிந்தது. வரிசை இல்லாமல் கூட்டம் முண்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்த மனிதரால் ஆகாது, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். திரும்பி வந்தார். மிச்சப் பத்திரிகைக் கட்டைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றையும் எட்டாகக் கிழித்து முதுகில் நம்பர் போட்டார். கூடத்து வாசலை ஒட்டிப் பாத்திர அறை இருந்தது. அதற்கு ஒரு சன்னலும் இருந்தது, கம்பியோடு. உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. டோக்கன் இல்லாமல் ஒருவரும் உள்ளே போகவில்லை. எடை மேடைக்காரர் வாசலில் நின்று, "ஏய், ஏய், ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரு" என்று சனத்தை நகர்த்தினார். பெண் வீட்டு ஆட்களுக்கே கோபம் வந்தது. ஆனால் முண்டல் நின்றுவிட்டது.

குருமூர்த்தி யாரும் கூப்பிடாமல் சமையல் கட்டுக்குப் போனார். அடுக்கியிருந்த இலையை எண்ணினார், பாத்திரத்தில் கரண்டியை விட்டுச் சோற்றின் ஆழம் பார்த்தார், வெளியே வந்து அண்ணனிடம் அமைதியாகச் சொன்னார்: "நாலாவது பந்தி வரைக்கும் போவும். அப்புறம் நூத்தி அறுவது இலைக்குச் சோறு இல்ல. இப்பவே உலை வைக்கணும், ரெண்டு சிப்பம் அரிசி வேணும்." அன்று அவர் கணக்கைத் திரும்ப எண்ணச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள், கடையெல்லாம் சாத்தியிருந்தது. அந்த நேரத்தில் அரிசி எடுக்க ஒரே இடம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அரிசி குடோன். அதற்குப் பின்னாலேயே அதன் மேற்பார்வையாளர் வீடு. போன மாதம்தான் அந்த ஆள் என் வண்டியைக் கேட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தினான் என்று சட்டைக் காலரைப் பிடித்திருந்தேன். வேறு வழி இல்லை. சார் கிழிக்காமல் தப்பிய ஒரு பத்திரிகையும் கற்கண்டுத் தட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த மனிதர் பனியனோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், குடோன் லீவு என்று சாத்தப் போனார். தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, உங்க பேரு என்னங்க?"

"எதுக்கு?"

"உறையில எழுதணும்."

கண்ணையன் என்றார். எழுதினேன். பிரித்துப் படித்துவிட்டு, முகூர்த்தம் ஒன்பதரைக்கே முடிந்துபோயிற்றே, இப்போது மணி பதினொன்று ஆகிறது என்றார். சாப்பாடு முடியவில்லை, குடும்பத்தோடு வர வேண்டும், வரும்போது சாவியையும் கொண்டுவர வேண்டும் என்று மொத்தமாகச் சொல்லி முடித்தேன். அவர் என் காலரைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அப்புறம் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குடோனைத் திறந்து ஒரு சிப்பத்தை என் தோளில் ஏற்றிவிட்டு, மற்றதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். குடும்பத்தோடும் வந்தார், அது ஆறு பேர்.

அரிசியோடு சமையல் கட்டுக்குள் நுழைந்தவன் அங்கே கண்ட காட்சியில் சிப்பத்தைக் கீழே போட்டிருப்பேன். சம்பந்தி முத்துசாமி குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். சாப்பாடு போதுமா என்று வேவு பார்க்க அவர் மெல்ல அந்தப் பக்கம் வந்திருக்கிறார். குருமூர்த்திக்கு அவர் யார் என்று தெரியாது. வெள்ளை வேட்டியில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் குடோன் வாய் தானாகத் திறந்துவிட்டது. "யோவ், சும்மா நிக்கிறதுக்கு அந்த வெங்காயத்த உரியேன்" என்றிருக்கிறார். மூட்டையோ முத்துசாமி வீட்டிலிருந்தே சீராக வந்த வெங்காயம். இன்னொரு பக்கம் ஒரு அம்மாள் பாதிச் சதையோடு தோலைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார். கோபப்படுவதா உட்காருவதா என்று முத்துசாமி ஒரு நிமிஷம் பார்த்திருக்கிறார். தன் வெங்காயம் வீணாவதை அவரால் தாங்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். நான் போனபோது அந்த அம்மாளுக்கு உரிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஓடி வந்து, சம்பந்தியைப் பார்த்து, அப்படியே சுவரில் சாய்ந்தார். எதை மறைக்க வேண்டுமோ அதன் நடுவிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார். குருமூர்த்திக்கு யாரோ விஷயத்தைச் சொல்ல, அவரும் சுவரில் சாய்ந்தார். முத்துசாமி நிமிர்ந்து பார்த்தார். எத்தனை இலைக்குப் புது உலை என்று கேட்டார். நூற்று அறுபது என்றார் அண்ணன்.

"அப்ப இந்த வெங்காயம் பத்தாது. இன்னும் ரெண்டு படி கொண்டாங்க" என்றார் முத்துசாமி.

ஐந்தாம் பந்தியும் ஆறாம் பந்தியும் ஆவி பறக்கப் போயின. செட்டிகுளத்துச் சனத்தில் ஒரு பெரியம்மா, முதல் பந்திச் சாம்பாரைவிடக் கடைசிப் பந்திச் சாம்பார் நன்றாக இருந்ததாமே, எங்களுக்கு ஏன் அது இல்லை என்று ஒரு குறையைக் கண்டுபிடித்தார். முத்துசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார், பேச்சு அடங்கிவிட்டது. தான் உரித்த வெங்காயத்தைத் தானே எப்படிக் குறை சொல்ல முடியும்?

ஆலை, குடோன் ஆட்களெல்லாம் தாங்கள் கடைசியில் உட்காருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் தானே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் ஊற்றினார். சிவசுப்பிரமணியன் சார் இலைக்கு வந்ததும் நின்றார். காலையில் வாசலில் சொன்னதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஊத்துங்கண்ணே. ஆறப்போவுது" என்றார் சார்.

மூன்று மணிக்குக் கூடம் காலியானது. குருமூர்த்தி இலையையும் சோற்றையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு இலை இருக்கிறது, ஒரு ஆளுக்குச் சோறு இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று அறிவித்தார். யாருக்கு அந்த இலை என்று எங்களுக்குத் தோன்றும் முன்பே சாருக்குத் தோன்றிவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர் ஒருவர் வாசலில் டோக்கன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சார் பாத்திர அறைக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பி வழியாக வெளியே பார்த்து, ஆலையில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"பிச்சைமுத்தண்ணே. கூப்புட்டாச்சு, வாங்க."

நம்பர் சொல்லவில்லை.

அண்ணன் உட்கார்ந்தார். முத்துசாமி பக்கத்தில் வந்து நின்று, பந்தியில் குறையில்லை சம்பந்தி என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, தானே சாம்பாரை ஊற்றினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். வெங்காயம் உரித்தது சம்பந்தி, அழுதது இவர்.

மறுநாள் நானும் அவரும் லோடு ஏற்றப் போனோம். சன்னலுக்குள்ளிருந்து பிச்சைமுத்தண்ணே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார் சார். மரத்தடியில் நின்ற முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து நான் என் காகிதத்தை நீட்டினேன். முப்பத்தாறு நாற்பது என்று குறித்துக்கொண்டார். நேற்று வாசலில் சந்தனம் கொடுத்த ஆள், அரிசி சுமந்த ஆள் என்ற ஞாபகத்தில் கொஞ்சம் உரிமையோடு, "சார், என் பேரு கலைச்செல்வன்" என்றேன்.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரிகை எங்க?"

என் மகளுக்கு இப்போதுதான் ஒன்பது வயது. காது குத்தியாயிற்று. வேறு என்ன விசேஷம் வைக்கலாம் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன்.